முட்டையை விழுங்கிக்கொண்டே இருந்த மஞ்சள் லேப்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் என்ற வளர்ப்பு மீன் வகைகளில் மஞ்சள் லேப் சாது என்பார்கள். சாதுதான், ஆனால் முட்டையை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெண்ணை மற்ற மீன்கள் சும்மா விடாது. என் தொட்டியில் பெண்ணின் தாடை உப்பும், இரை எடுக்காமல் ஒதுங்கும், சில நாளில் தாடை பழையபடி ஆகிவிடும். முட்டை அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

தண்ணீரில் குறையில்லை: பிஎச் (அமில-கார அளவு) 8-ஐ ஒட்டி, வெப்பம் 25–26 டிகிரி. தொல்லை துரத்தலில்தான். ஒரே ஓர் ஆணை வைத்துக்கொண்டு பெண்களைக் கூட்டினேன். துரத்தல் பல மீன்கள் மேல் பிரிந்துபோனது. கற்களை உயரமாக அடுக்கி நிறையப் பொந்துகள் விட்டேன்.

முட்டை சுமக்கும் தாயைத் தனித் தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றினால் பயத்திலேயே முட்டையைத் துப்பிவிடும். முட்டையை வாயில் எடுத்து இரண்டு வாரம் கடந்தபின், விளக்கணைத்த இருட்டில், அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மெதுவாக மாற்றினேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு மண்குழாயும் போதும். பொதுவாக முட்டையிட்ட மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சுகளை வெளியே விடும். அவை அன்றே பொடித்த ஃப்ளேக்கும் (சீவல் இரை) ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் குஞ்சும் தின்னும், அதிசயம்தான்!

தாய் மெலிந்துபோயிருக்கும். சில நாள் நன்றாகத் தின்னவிட்டு, அப்புறம் பெரிய தொட்டிக்கு அனுப்புங்கள்.