ஃப்ளூ காய்ச்சல் விட்டாலும் ஒரு வாரம் கவனிக்க வேண்டியவை

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் பெரும்பாலும் மூச்சுக்குழாய், நுரையீரலோடு நின்றுவிடும். அதை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சிதான் மற்ற உறுப்புகளுக்கும் போகிறது. அப்போது ரத்தம் எளிதில் உறையும்; இதயத் தமனியில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கவும் கூடும். கனடாவின் ஒன்ராறியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் மற்ற நாட்களைவிடச் சுமார் 6 மடங்கு இருந்தது. சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கு இது அலட்சியப்படுத்தும் விஷயமல்ல.

காலையில் படுக்கையை விட்டு எழும்முன் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 துடிப்பு கூடுவது இயல்பு. காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகியும் 100-க்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் போய் இசிஜி எடுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, படுத்தால் மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். படபடப்பு அடங்கும்வரை ஜிம், ஓட்டம் வேண்டாம்.

ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டுமுன் நகப்பூச்சை அழித்து, விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள். கருத்த தோலில் அது அளவைக் கூட்டிக் காட்டலாம். அதனால் 95 சதவீதம் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாமல் மூச்சையும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் மருத்துவமனைதான்.

சிறுநீரகத்தைப் பல வீடுகளில் கெடுப்பது வைரஸ் அல்ல, வலி மாத்திரை. தண்ணீர் குடிக்காமல் வறண்ட உடலில் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பாராசிட்டமால் போதும்: பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு 4 வேளைக்கு மேல் போகாமல். ஜலதோஷக் கூட்டு மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கும். அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஈரல் நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்கவும். 8 மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால் அன்றே காட்டுங்கள்.

குழந்தைகளுக்குக் காய்ச்சல் தணியும் நேரத்தில் கெண்டைக்கால் வலித்து, நடக்க மாட்டேன் என்று அழும். தசை அழற்சி அது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே சரியாகும். சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் மட்டும் தசை சிதைகிறது என்று பொருள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது: ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்கூறு வரலாம். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் பெரியவர்களோ அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.