ஹீத்கிட் வால்வு ரேடியோவுக்கு 230 வோல்ட் கொடுக்கும் முன்

ஹீத்கிட் கம்பனி அமெரிக்காவின் மிச்சிகனில், பென்டன் ஹார்பரில் இருந்தது. கட்டலொக்கைப் பார்த்து ஓடர் கொடுத்தால் உதிரிப்பாகங்களும் கைநூலும் தபாலில் வரும். ஈயம் வைத்து ஒட்டுவது வாங்கியவரின் வேலை. அப்படி யாரோ ஒட்டிய எச்.டபிள்யூ.-101 (அமெச்சூர் வானொலிக்காரர்கள் கேட்கவும் அனுப்பவும் பயன்படுத்தும் வால்வு செட்) உங்கள் கையில் கிடைத்தால் உடனே பிளக்கைச் செருகாதீர்கள்.

முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கடலோர ஊர்களில் இருந்த செட் என்றால் வால்வு சொக்கெட்டின் கால்களில் பச்சைப் பூச்சும், சுழல் ஸ்விட்சின் வெள்ளித் தொடுமுனைகளில் கருமையும் இருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். ஸ்பிரேயை நேராக அடித்தால் ஸ்விட்சின் பழுப்புத் தகடு அதை உறிஞ்சிக்கொள்ளும். மங்கலாக, சொரசொரவென்று தெரியும் ஈய ஒட்டுகளைத் திரும்பச் சூடாக்குங்கள்.

செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் தனிப் பெட்டியான எச்.பி.-23 பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிட்டிக் கொண்டென்சர்களை அத்தனையும் மாற்றிவிடுங்கள். மெதுவாகக் கரண்ட் ஏற்றிப் பழையதையே மீட்கலாம் என்பார்கள். இந்த வயதில் அதை நம்ப வேண்டாம். பயஸ் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் மைனஸ் மின்னழுத்தம்) கொண்டென்சர் வற்றினால் அந்த மின்னழுத்தம் குறையும், கடைசிக் கட்டத்து 6146 வால்வுகள் இரண்டும் கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவந்து வால்வு போய்விடும். மெயின் வயரிலிருந்து சேசிக்கு (உலோகச் சட்டத்துக்கு) ஏதாவது கொண்டென்சர் போட்டிருந்தால் அதையும் வை2 எனப்படும் பாதுகாப்பு வகையாக மாற்றுங்கள். அது ஷோர்ட் ஆனால் பெட்டி முழுவதும் கரண்ட் வரும். இரண்டு கால் பிளக்கை வெட்டி, மூன்று இழை வயரும் 13 அம்பியர் பிளக்கும் போட்டு, எர்த்தைச் சேசியில் திருகி இறுக்குங்கள்.

ட்ரான்ஸ்ஃபோமரில் முதன்மைச் சுருள்கள் (மெயின் கரண்ட் வரும் சுருள்கள்) இரண்டு இருந்தால், ஒவ்வொன்றும் 120 வோல்ட்டுக்கானது. அமெரிக்காவில் அவற்றைச் சமாந்தரமாக இணைத்திருப்பார்கள். அப்படியே 230 கொடுத்தால் எரிந்துவிடும். கைநூலின் 240 வோல்ட் படத்தைப் பார்த்து, ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு சேர்த்துத் தொடராக இணையுங்கள்.

இனி மெயின் லைனில் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பவர் சப்ளையின் ஓன்-ஓஃப் ஸ்விட்ச் ரேடியோவில்தான் இருக்கிறது, ஆகவே இணைப்புக் கேபிளுக்குள்ளும் மெயின் கரண்ட் ஓடும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. வால்வுகளின் ஹீட்டருக்காகக் கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கும். முழு வெளிச்சத்தில் நின்றால் ஒரு சுருள் தலைகீழாக இருக்கலாம், அல்லது எங்கோ ஷோர்ட். உடனே நிறுத்துங்கள்.

பல்பு உங்களைக் காப்பாற்றாது. உள்ளே 800 வோல்ட் அளவில் இருக்கும். நிறுத்திய பிறகும் மீற்றரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பின்தான் கை வையுங்கள்.

பல்பை எடுத்த பின் முதலில் பயஸை அளந்து, மைனஸ் 100 முதல் 130 வோல்ட் இருப்பதை உறுதி செய்யுங்கள். பிறகு அன்டெனா முனையில் 50 ஓம் டம்மி லோடு (அன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) மாட்டி, கைநூல் சொல்வதுபோல் 6146களின் ஓய்வுக் கரண்டை 50 மில்லியம்பியரில் வையுங்கள். இலங்கையில் அன்டெனாவில் அனுப்ப 4எஸ்7 போன்ற அழைப்புக்குறியும் (உங்கள் நிலையத்தின் பெயர்) தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி மழையில் செட்டைச் சும்மா மூடி வைக்காதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். மாதக்கணக்கில் கிடந்திருந்தால் மறுபடியும் அந்தப் பல்பிலிருந்தே தொடங்குங்கள்.