கார்டில் ஏழு மணி, சோறு ஒன்பதரைக்கு: கல்யாண விருந்துக்குப் போய்வருவது எப்படி

கோலாலம்பூரில் எங்கள் ஆட்களின் கல்யாண விருந்துகளுக்கு இருபது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கார்டில் ‘இரவு மணி 7.00’ என்று போட்டு, ஏழு மணிக்குப் பக்கத்தில் சோறு போட்ட விருந்தை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எட்டு மணிக்கு மண்டபம் பாதி காலியாக இருக்கும். எட்டரைக்கு டிஜே பாட்டைப் போடுவார். ஒன்பது மணிக்கு மணமக்கள் உள்ளே வருவார்கள். அப்புறம் கேக், வாழ்த்துரை, நாடாளுமன்ற உறுப்பினர் பேச்சு, ஒரு நடனம். சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது மணி ஒன்பதரை.

இதே குடும்பம்தான் அன்று காலை கோயிலில் முகூர்த்தம் 9.00 முதல் 10.30 என்றால் ஒரு நிமிடம் பிசகவில்லை. எட்டரைக்கெல்லாம் மாப்பிள்ளை மணவறையில் இருந்தார். நல்ல நேரத்துக்குக் கட்டுப்படுகிறவர்களால் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டுப்பட முடியாதா? முடியும். மனசு வைப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். ஏன் என்று சொல்லிவிட்டு வழிமுறைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு), சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மண்டபத்தில் விருந்து. கார்டில் ஏழு மணி என்று இருந்ததால், செந்தூலில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஆறே முக்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டார். எட்டு இருபதுக்குத் திரும்பிப் பார்க்கிறேன், ஏர்கான் குளிரில் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. மேசையில் இருந்த கைத்துடைப்புக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என்னம்மா என்றேன். என்னை என் செத்துப்போன சித்தியின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கைப்பையில் இருந்த, ரத்தத்தில் சீனி பார்க்கிற கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் 3.1 மில்லிமோல். ஊசி போட்டும் சாப்பிடாததால் சீனி இறங்கிவிட்டது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

சாப்பாட்டு மேசைக்கு ஓடினேன். வரிசையாகப் பாத்திரங்கள், அடியில் நெருப்பு எரிகிறது, மூடி மட்டும் மூடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பையன். “மாப்பிள்ளை பொண்ணு வந்த பெறகுதான் தொறக்கணும்னு சொல்லிருக்காங்க ஆண்ட்டி.” அவனைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்கிற பிள்ளை. “தம்பி, அம்மாவுக்கு மயக்கம் வருது” என்றதும் அவனே ஓடிப்போய் சிராப் தண்ணி, அதாவது சீனிப்பாகு கலந்த சிவப்புத் தண்ணி, ஒரு கிளாஸ் கொண்டுவந்தான். அந்தச் சிவப்புத் தண்ணிதான் அன்றைக்கு அம்மாவைக் காப்பாற்றியது.

நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசையில் ஒருவராவது இருப்பார். நம் விருந்துகளில் அதற்கு மேல் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆகவே முதல் வேலை மருந்து. கார்டில் உள்ள நேரத்தை வைத்து ஊசியோ மாத்திரையோ எடுக்காதீர்கள். விருந்துக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள்: “சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாத நாளில் நான் என்ன செய்வது?” ஒவ்வொருவர் மருந்தும் ஒவ்வொரு மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உங்களுக்கு ஆகாது. அம்மாவுக்குச் சொன்னது, தட்டு கண்ணெதிரே வந்த பிறகு ஊசி போடு என்பது. இப்போது ஊசி பையில் வருகிறது, மண்டபத்தில்தான் போட்டுக்கொள்கிறார். கூடவே குளுக்கோஸ் மாத்திரையோ சீனிப் பொட்டலமோ எப்போதும் இருக்கும். நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. சாக்லேட் கொடுக்காதீர்கள், அதில் உள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் ஏறவிடும். ஆள் விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

நோய் இல்லாதவர்களும் பசியாறிவிட்டுப் போங்கள். வயிறு நிறைய வேண்டாம், ஆறரைக்கு ஒரு தோசை, இல்லையென்றால் இரண்டு ரொட்டித் துண்டும் மைலோவும் போதும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பசியில் அழுகிற பிள்ளையை மேசைக்கு அடியிலிருந்து இழுத்து எடுப்பதுதான் என் தங்கையின் ஒவ்வொரு விருந்து அனுபவமும். சீன நண்பர்கள் வீட்டு விருந்தும் தாமதமாகத்தான் தொடங்குகிறது, ஆனால் உட்கார்ந்ததும் மேசையில் ஒரு தட்டுக் கச்சாங் (வேர்க்கடலை) இருக்கும். அந்தச் சின்னத் தட்டுக்கு நான் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறேன்.

எங்கே உட்காருவது? ஸ்பீக்கருக்குத் தூரமாக, பின் கதவுக்குப் பக்கத்தில். முன் மேசை மரியாதை என்று யாராவது கையைப் பிடித்து இழுத்தால், அம்மாவுக்குக் கழிவறை பக்கத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். இந்தச் சத்தமும் சின்ன விஷயம் இல்லை. நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை கொடுத்தது. எங்கள் மேசையில் கைப்பேசிச் செயலி ஒருமுறை 103 காட்டியது. செயலி துல்லியமாக இருக்காது, தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் ‘சுகமா’ என்று கேட்க எழுந்து போய்க் காதருகே குனிய வேண்டியிருந்தது. பல வருடம் கழித்துப் பார்க்கிற சொந்தத்தோடு பேச முடியாத விருந்து என்ன விருந்து? மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி காதடைப்பான் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மொய்க் கவரைப் போனதும் வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். மேடைப் படத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை நீளும், மணமக்கள் மேசை மேசையாக வரும்போதே ஒரு படம் எடுத்துக்கொண்டால் பத்து மணிக்குக் கிளம்பலாம். ரயிலில் வந்தவர்கள் கடைசி ரயில் நேரத்தை வரும்போதே பார்த்து வையுங்கள்.

இனி விருந்து வைக்கிறவர்களுக்கு, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். விருந்தாளி லேட்டாக வருவதால் நீங்கள் லேட்டாகத் தொடங்குகிறீர்கள், நீங்கள் லேட்டாகத் தொடங்குவதால் அவர்கள் லேட்டாக வருகிறார்கள். இந்த முடிச்சை வீட்டுக்காரர்தான் அவிழ்க்க முடியும். என் தம்பி கல்யாணத்தில் கார்டில் மூன்று வரி அச்சடித்தோம்:

மாலை 7.00 வருகை
7.30 உணவு
8.30 மணமக்கள் வருகை

வெறும் அச்சு போதாது. சமையல்காரரிடம் ஏழரைக்கு மூடி திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம், யார் வந்து சொன்னாலும் மூடக்கூடாது என்றும் சேர்த்து. அறிவிப்பாளரிடம் ஏழரைக்கு “பசியாற வாங்க” என்று மைக்கில் கூப்பிடச் சொன்னோம். வெளியே போய்ப் படம் எடுக்கிற வேலையை நாலு மணிக்கு முடித்தோம், தாமதத்தின் தாய்வீடே அதுதான். ஒப்பனை செய்கிற பெண்ணிடம் எட்டரை என்று சொல்லாமல் எட்டு மணி என்று சொன்னோம். ஒவ்வொரு மேசையிலும் முறுக்கு ஒரு தட்டு வைத்தோம். டிஜேயிடம் சாப்பிடும் நேரத்தில் நாதஸ்வரம் மட்டும், அதுவும் மெதுவாக என்று கேட்டுக்கொண்டோம், மனிதர் சந்தோஷமாகச் செய்தார்.

பெரியப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “மாப்பிள்ளை பொண்ணு வராம எப்படிம்மா சாப்பிடறது, மரியாதையா அது?” என்று இரண்டு வாரம் போன் போட்டார். அம்மாதான் பதில் சொன்னார்: “கூப்பிட்டு வச்சு பட்டினி போடறதுதாங்க மாமா மரியாதை இல்ல.”

அன்று பெரியப்பா ஏழு இருபதுக்கு வந்தார். எட்டு மணிக்குள் இரண்டாவது கிண்ணம் பாயசமும் ஆகிவிட்டது. எட்டரைக்குத் தம்பியும் அவன் மனைவியும் கதவைத் தாண்டி உள்ளே வந்தபோது முதலில் எழுந்து நின்று கைதட்டியது அவர்தான்.