சிறை வாசலுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே: அரசுப் பணம் வீணாகும் இடங்கள்

சிறையிலிருந்து வெளியே வருகிறவருக்கு வேலை கிடைக்க அரசு செலவு செய்யலாமா, கூடாதா என்ற வாதத்தை இங்கே எடுக்கவில்லை. செலவு செய்தும் சறுக்கிய கதையைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் போதும். நல்லதும் செய்தார்கள், கோட்டையும் விட்டார்கள்.

பெரிய தவறு, சிறைக்குள்ளே பயிற்சி, சான்றிதழ் என்று செலவழித்துவிட்டு வாசலில் கையை விரிப்பது. அங்கே விடுதலையாகும்போது ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அது 46 பவுண்டிலேயே நின்றது. 2021 ஆகஸ்டில்தான் 76 ஆனது. யுனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். முன்பணம் வாங்கலாம், ஆனால் அது கடன். பிற்பாடு வருவதில் பிடித்துக்கொள்வார்கள். 46 பவுண்டை 35 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டுகூட இல்லை. 2020இல் லண்டனில் ஒருமுறை பஸ் ஏறவே அந்த ஒன்றரை பவுண்டு வேண்டும். வெல்டிங் சான்றிதழ் பையில் இருக்கும், நேர்காணலுக்குப் போகக் காசு இருக்காது.

கிழமையிலும் கோளாறு. சனி, ஞாயிறில் தண்டனை முடிகிறவர்களையும் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவது வழக்கம். மத்தியானம் சிறையை விட்டு வந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு, வங்கி எல்லாம் பூட்டிவிடும். தங்க இடமில்லாதவர் திங்கள் வரை தெருவில்தான். 2023இல் வந்த ஒரு சட்டம், தேவைப்படுகிறவர்களை இரண்டு நாள் வரை முன்னதாக விட வழி செய்தது. காலண்டரைத் திருத்த இத்தனை வருடம் எடுத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அடுத்தது, 'பலன் கிடைத்தால்தான் பணம்' என்ற யோசனையைக் கையாண்ட விதம். யோசனையில் தவறில்லை. 2010இல் பீட்டர்பரோ சிறையில் சிறிய அளவில் முயன்றார்கள். ஓராண்டுக்கும் குறைவான தண்டனை பெற்ற ஆண்கள்தான் இலக்கு. விடுதலைக்குப் பின் அவர்களைக் கவனிக்க அப்போது சட்டப்படி யாருமே கிடையாது. தனியார் முதலீட்டாளர்கள் சுமார் 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். மறுபடி தண்டனை பெறுவது குறைந்தால் அந்தப் பணம் லாபத்தோடு திரும்பும், இல்லாவிட்டால் போனது போனதுதான். திட்டத்தின் ஆட்கள் சிறைக்குள்ளேயே வந்து கைதிகளோடு பழகி, வாசலில் காத்திருந்து, வீடு, வேலை, மருந்து என்று கூடவே அலைந்தார்கள். இலக்கு 7.5 சதவீதக் குறைவு, கிடைத்தது 9.

ஆனால் அந்த இறுதிக் கணக்கு வந்தது 2017இல். அதற்கு முன்பே, 2014-15இல், நாடு முழுக்க, தண்டனை பெற்றவர்களை வெளியே கண்காணித்து உதவும் நன்னடத்தைப் பணியின் பெரும்பகுதியை 21 நிறுவனங்களுக்குக் குத்தகை விட்டாகிவிட்டது. பீட்டர்பரோ திட்டத்தின் மூன்றாம் கட்டமும் இதனால் நின்றுபோனது. குத்தகை எடுத்தவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீதிமன்றங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அனுப்பின, வருமானம் இறங்கியது. சிறை வாசலில் துணை நிற்கும் வேலை பெயரளவுக்கு ஆனது. இந்தச் சேவையை நாளைக்கே நிறுத்தினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது என்று 2017இல் சிறை, நன்னடத்தைத் துறைத் தலைமை ஆய்வாளர்களே எழுதினார்கள். 2019இல் ஒரு குத்தகை நிறுவனம் திவாலானது. 2021 ஜூனில் எல்லாம் அரசிடமே திரும்பியது.

அளவுகோல் எப்படி ஏமாற்றும் என்பதற்கும் இதிலேயே உதாரணம் உண்டு. 2011க்கும் 2017 மார்ச்சுக்கும் நடுவே, மறுபடி குற்றம் செய்தவர்களின் விகிதம் 2.5 சதவீதப் புள்ளி குறைந்தது. ஆனால் அப்படிச் செய்தவர் ஒவ்வொருவரும் செய்த குற்றங்களின் சராசரி 22 சதவீதம் கூடியது. முதல் எண்ணை மட்டும் படித்தால் வெற்றி விழா கொண்டாடலாம்.

சரி, 'ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறாரா' என்பதை மட்டும் பார்த்தால்? நியூயார்க்கில் ஓர் அமைப்பு, விடுதலையானவர்களுக்கு உடனே தற்காலிக வேலை தந்து, அன்றன்றைய கூலியை அன்றே கொடுத்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். தற்காலிக வேலை முடிந்ததும், சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் வேலையில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தோல்வி என்று மூடியிருக்கலாம். ஆனால் மறுபடி சிறைக்குப் போவது குறைந்திருந்தது, அதுவும் வெளியே வந்து மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்களிடம்தான் அதிகமாக. எண்ணிக்கை காட்டுவதற்காக எப்போதோ விடுதலையானவர்களைக் கொண்டு இடத்தை நிரப்பினால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், வேலை கொடுப்பவரிடம் எதைச் சொல்வது என்று சொல்லித்தராமல் விடுவது. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் போனபின் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபர் முதல், ஓராண்டு வரையான சிறைத் தண்டனைக்கு, அது முடிந்தபின் ஓராண்டு குற்றமின்றிக் கழிந்தால் போதும். குழந்தைகளோடு பழகும் வேலை போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. இது தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டி வேலையை இழப்பவர் உண்டு. சொல்ல வேண்டியதை மறைத்துப் பின்னால் மாட்டுகிறவரும் உண்டு. ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஆகும் செலவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? இத்தனைக்கும், சாவி வெட்டி, செருப்புத் தைத்துத் தரும் டிம்ப்சன் கடைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் தண்டனை பெற்றவர். வீட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்து நகல் எடுத்துக்கொண்டு போகிறார்கள் மக்கள். அந்தக் கடையை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சன்தான் 2024 ஜூலையில் சிறைத்துறை அமைச்சரானார்.