பத்து வயதுப் பாறைக்கு மூன்றரை லட்சம் வயதா? பூமியின் வயது பற்றிய வாதங்களைச் சரிபார்க்கும் முறை

பூமிக்கு 6,000 வயதுதான் என்று வாதிடும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பாறையையோ நத்தை ஓட்டையோ காட்டுவார்கள். ஆய்வகம் அதற்குக் கொடுத்த பொருந்தாத வயதைச் சொல்வார்கள். "ஆகவே இந்த முறையே பொய்" என்று முடிப்பார்கள். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒரு தாளும் கைபேசியில் உள்ள கால்குலேட்டரும் இருந்தால் சொன்ன எண்ணை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

தாளில் முதலில் நான்கு விவரங்களை எழுதுங்கள். மாதிரி என்ன (முழுப் பாறையா, அதிலிருந்து பிரித்த ஒரு தாதுவா, எலும்பா, ஓடா)? எந்த முறையில் அளந்தார்கள்? அந்த முறை எந்த வயது வரம்புக்குள் வேலை செய்யும்? தொடர்பே இல்லாத இன்னொரு முறையால் ஒத்துப் பார்த்தார்களா? காணொளியில் இவற்றில் எது விடுபட்டிருக்கிறதோ, பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஐந்தாவதாக ஒரு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிளை வைத்து 1650-ல் வெளியிட்ட கணக்குப்படி படைப்பு நடந்தது கி.மு. 4004. இன்று வரைக்கும் சுமார் 6,000 ஆண்டுகள். 1956-ல் கிளேர் பாட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து சொன்னது 455 கோடி. இன்று ஏற்கப்படும் அளவு 454 கோடி, பிழை வரம்பு சுமார் 5 கோடி. 454 கோடியை 6,000-ஆல் வகுத்தால் ஏழரை லட்சம் வரும். யாராவது ஒரு பிழையைக் காட்டினால், அது ஏழரை லட்சம் மடங்கு இடைவெளியை நிரப்பப் போதுமா என்று பாருங்கள். பத்து சதவீதப் பிழை என்பதும் பிழைதான். ஆனால் 454 கோடியில் பத்து சதவீதத்தைக் கழித்தாலும் 400 கோடிக்கு மேல் மிஞ்சும்.

செயின்ட் ஹெலன்ஸ் பாறை

அதிகம் சுற்றிவரும் எடுத்துக்காட்டு இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18-ல் வெடித்தது. அதன்பின் 1986 வரை பள்ளத்துக்குள் பாறைக் குவிமாடம் ஒன்று வளர்ந்தது. படைப்புவாதப் புவியியலாளர் (பூமியைக் கடவுள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் படைத்தார் என்பவர்) ஸ்டீவ் ஆஸ்டின் அதிலிருந்து எடுத்த மாதிரியைப் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் அளக்கக் கொடுத்து, முடிவை 1996-ல் வெளியிட்டார். முழுப் பாறைக்கு வந்த வயது 3.5 லட்சம் ஆண்டுகள். பாறையின் உண்மையான வயது ஏறத்தாழ பத்து. இந்த அளவீடு நடந்தது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. அதற்கு என்ன பொருள் என்பதே கேள்வி.

இந்த முறையில், பாறையிலுள்ள பொட்டாசியம்-40 மெல்லச் சிதைந்து உண்டாக்கிய ஆர்கானை அளந்து வயது கணக்கிடுவார்கள். பொட்டாசியம்-40-இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். சிதையும் ஒவ்வொரு நூறு அணுவிலும் சுமார் 11 ஆர்கானாகும், மற்றவை கால்சியமாகும். அப்படியானால் ஒரு வருடத்தில் 1,720 கோடி பொட்டாசியம்-40 அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஆர்கான் உருவாகும். இனி வகுத்துப் பாருங்கள்.

பத்து வருடத்துக்கு: 1,720 கோடி ÷ 10 = 172 கோடிக்கு ஒன்று.
மூன்றரை லட்சம் வருடத்துக்கு: 1,720 கோடி ÷ 3,50,000 = சுமார் 49,000-க்கு ஒன்று.

முதல் அளவு எத்தனை சிறியது என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் சொல்லலாம். ஒரு கிராம் பொட்டாசியம் பத்து வருடத்தில் உண்டாக்கும் ஆர்கான், பக்கத்துக்கு 0.016 மில்லிமீட்டர் உள்ள ஒரு காற்றுப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும் ஆர்கானுக்குச் சமம். தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட இருக்காது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு சதவீதம் அளவுக்கு ஆர்கான் இருப்பதால், பாறையின் நுண்துளையில் ஒட்டிய காற்றே இதை மூழ்கடித்துவிடும். லாரி நிறுத்தும் எடை மேடையில் மூக்குத்தியை வைத்தால் காட்டும் எண் மூக்குத்தியின் எடை அல்ல. அதற்காக அந்த மேடை லாரிக்குத் தவறான எடை காட்டுகிறது என்று சொல்ல முடியாது.

காற்று ஒட்டுவது ஒரு காரணம். அதற்கு ஆய்வகங்கள் திருத்தம் போடும். இரண்டாவது காரணம் ஆஸ்டினின் சொந்த அட்டவணையிலேயே இருக்கிறது, அதைத் தவறாமல் பாருங்கள். பாறையைப் பிரித்துத் தாதுவாரியாக அளந்தபோது ஆம்ஃபிபோலுக்கு 9 லட்சம், பைராக்சீனுக்கு 17 லட்சம், பைராக்சீன் மிகுந்த இன்னொரு பகுதிக்கு 28 லட்சம் என்று வந்தது. எல்லாம் ஒரே நாளில் உருகி உறைந்திருந்தால் எல்லாத் தாதுக்களும் ஒரே எண்ணைத் தரவேண்டும். தராததற்குக் காரணம், அந்தப் படிகங்களில் பல, குழம்பு மேலே வருமுன் பூமிக்கடியில் ஆர்கான் சூழ்ந்த நிலையில் வளர்ந்தவை. பைராக்சீனில் பொட்டாசியம் மிகக் குறைவு. பழைய ஆர்கான் கொஞ்சம் சிக்கினாலும், அதைக் குறைந்த பொட்டாசியத்தால் வகுக்கும்போது வயது எகிறும். அளவீடு தோற்றதை அந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன. தேர்ந்தவர் ஒருவர் இந்த அட்டவணையைப் பார்த்தால் பாறைக்கு வயது எழுதமாட்டார். "மிகை ஆர்கான்" என்றுதான் குறிப்பார்.

மிகை ஆர்கான் பெரிய வயதை எவ்வளவு கெடுக்கும்? அது சேர்ப்பது இங்கே 3.5 லட்சம் ஆண்டு. பத்து வயதுப் பாறையில் இது பேரழிவு. பத்துக் கோடி ஆண்டுப் பாறையில் இதே அளவு சேர்ந்தால் பிழை 0.35 சதவீதம். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் வாதத்தை விடாதீர்கள், முழு விஷயமும் இதில் இருக்கிறது.

மிகை ஆர்கான் எத்தனை முறை வருகிறது என்றும் சோதித்திருக்கிறார்கள். பிரென்ட் டால்ரிம்பிள் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், தேதி தெரிந்த 26 எரிமலைக் குழம்புப் பாறைகளில் 18 எதிர்பார்த்தபடியே இருந்தன. சரியான தாதுவையும் சரியான முறையையும் தேர்ந்தெடுத்தால் இளம் பாறையையும் அளக்கலாம். பாம்பேயியைப் புதைத்த வெசுவியஸ் வெடிப்பு நடந்தது கி.பி. 79. அதன் சானிடின் (பொட்டாசியம் மிகுந்த ஒரு தாது) படிகங்களை 1997-ல், பொட்டாசியம்–ஆர்கான் முறையின் மேம்பட்ட வடிவமான ஆர்கான்–ஆர்கான் முறையில் அளந்தபோது வந்தது 1,925 ஆண்டுகள், பிழை வரம்பு 94. உண்மையான வயது அப்போது 1,918.

கார்பன்-14: வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்

நிலக்கரியிலும் வைரத்திலும் கார்பன்-14 இருக்கிறது, ஆகவே அவை இளையவை என்பது அடுத்த வாதம். உயிர்கள் காற்றிலிருந்து கார்பன்-14-ஐப் பெறுகின்றன; இறந்தபின் அது சிதைந்து குறைந்துகொண்டே போகும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகளில் மிஞ்சுவது கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இப்போது கார்பன்-14 துளியும் இல்லாத ஒரு மாதிரியை எடுத்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இன்றைய கார்பன் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 என்பது ஏறத்தாழ பத்து முறை இரட்டிப்பது. பத்து அரை ஆயுள் என்றால் சுமார் 57,000 ஆண்டு. அதாவது கோடி ஆண்டுப் பொருளும் இவ்வளவு சிறிய கலப்பில் "57,000" என்று காட்டும். கையுறை, வேதிப்பொருள், கருவியின் உள்சுவர், நிலத்தடி நீர், பாக்டீரியா என்று எதிலிருந்து வேண்டுமானாலும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வரும்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. 2007-ல் ஆய்வாளர்கள் டெய்லரும் சவுதனும் இயற்கை வைரங்களை அளந்தார்கள். வந்த வயதுகள் சுமார் 65,000 முதல் 80,000 வரை. ஒரே வைரத்திலிருந்து வெட்டிய துண்டுகள் மட்டும் நெருக்கமாக, 70,000-ஐ ஒட்டி வந்தன. எல்லா வைரத்திலும் ஒரே சமயத்தில் உண்டான பழைய கார்பன்-14 மிஞ்சியிருந்தால் இப்படிப் பரவிக் கிடக்காது. கருவி தன் கடைசி எல்லையைத் தொட்டுவிட்டது என்பதன் அடையாளம் இது.

டைனோசருக்கு கார்பன்-14 போட்டு வயது கண்டார்கள் என்று அறிவியல் பக்கம் நிற்பவர்களே சிலர் சொல்வதுண்டு. அது தவறு, உடனே திருத்துங்கள். எலும்பு கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை வேறு முறைகளில் அளந்துதான் வயது வருகிறது. மேரி ஷ்வைட்சர் 2005-ல் டைரனோசாரஸ் எலும்பில் கண்ட "மென்திசு"வும் இப்படித்தான் திரிக்கப்படுகிறது. எலும்பின் தாதுப்பொருளைக் கரைசலில் கரைத்த பிறகு மிஞ்சிய, வளையக்கூடிய இரத்த நாளங்கள் அவை. பச்சை இறைச்சி அல்ல.

ஒட்டுறவில்லாத கடிகாரங்கள்

"சிதைவு வேகம் முன்பு வேறாக இருந்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. இதற்குக் கதிரியக்கமே தேவைப்படாத கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்துக் கணக்கிடுங்கள். எங்கள் தேர்வு பவளம்.

நிலவின் ஈர்ப்பால் கடலில் எழும் ஓதத்தால் பூமியின் சுழற்சி மெல்ல மந்தமாகிறது. நாளின் நீளம் நூறாண்டுக்குச் சுமார் 2 மில்லிசெகண்ட் கூடுகிறது. புவியியலார் டெவோனியன் என்று அழைக்கும் பழங்காலத்துப் பாறைகளுக்குக் கதிரியக்க முறை தரும் வயது சுமார் 38 கோடி ஆண்டுகள், அதாவது 38 லட்சம் நூற்றாண்டுகள். 38 லட்சம் × 0.002 = 7,600 நொடி, 2 மணி 7 நிமிடம். ஆக அன்றைய நாள் 21 மணி 53 நிமிடம். ஆண்டுக்கு 8,766 மணி நேரம்; 21.89-ஆல் வகுத்தால் 400 நாள். பவளம் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய வரி விடும். ஆண்டுக்கு ஒரு பெரிய பட்டை விடும். 1963-ல் ஜான் வெல்ஸ் டெவோனியன் பவளங்களில் ஒரு பட்டைக்குள் எத்தனை வரி என்று உருப்பெருக்கியால் எண்ணினார். வந்தது சுமார் 400.

மந்தமாகும் வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதனால் 2-க்குப் பதில் 1.7-ஐயும் 2.4-ஐயும் போட்டுப் பாருங்கள்: 395 முதல் 408 வரை வரும். அந்தப் பவளம் நோவா காலப் பெருவெள்ளத்தில், 4,400 ஆண்டுகளுக்கு முன் புதைந்திருந்தால் நாளின் நீளத்தில் வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வரிகள் 365 இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் சுய்கெட்சு ஏரி இன்னொன்று. வெளிர் படிவும் கருமையான படிவும் ஆண்டுக்கு ஒரு ஜோடியாக அடியில் படிந்திருக்கின்றன, நடுவில் இலைகளும் சிக்கியிருக்கின்றன. அடுக்கை எண்ணுவது ஒரு வேலை, இலையின் கார்பன்-14-ஐ அளப்பது வேறு வேலை. இரண்டும் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சேர்ந்தே போகின்றன. ஒரே வருடத்தில் பல ஜோடிகள் படிந்திருக்கலாம் என்று மறுப்பவர், கார்பனும் அதே விகிதத்தில் தன் வேகத்தை மாற்றிக்கொண்டது எப்படி என்று சொல்லியாக வேண்டும்.

வேகம் மாறியதா என்பதை வானத்திலும் பார்க்கலாம். 1987 பிப்ரவரியில் தெரிந்த மீஒளிர் விண்மீன் வெடிப்பு நடந்த இடம் சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவு. அந்த ஒளி அத்தனை ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 சிதைவதால் வந்த அந்த ஒளி மங்கிய வேகம், கோபால்ட்-56-இன் இன்றைய அரை ஆயுளான 77 நாளோடு பொருந்தியது. 1997 முதல் 2005 வரை நடந்த 'ரேட்' என்ற படைப்புவாத ஆய்வுத் திட்டமும் இன்றைய வேகத்தில் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட சிதைவு பாறைகளில் நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. வேகம் ஒருகாலத்தில் கூடியிருந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். அத்தனை சிதைவும் குறுகிய காலத்தில் நடந்தால் வெளிப்படும் வெப்பம் எங்கே போயிற்று என்பதைத் தீராத சிக்கலாக அவர்களே எழுதினார்கள். வாதத்தில் இந்த ஒப்புதலை முன்வைப்பது பத்து எடுத்துக்காட்டுகளை அடுக்குவதைவிடப் பயன் தரும்.

எதிரில் இருப்பவரோடு பேசும்போது

நிலவில் தூசி குறைவாக இருப்பதால் அது இளையது என்னும் வாதத்தையும், டெக்சாஸின் பலக்சி ஆற்றங்கரையில் டைனோசர் தடங்களோடு மனிதக் காலடி இருப்பதாகச் சொல்லும் வாதத்தையும் யாராவது எடுத்தால், படைப்புவாத அமைப்புகளே அவற்றைக் கைவிட்டுவிட்டதை அமைதியாகச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்து ஆதாரம் என்பதால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

விசுவாசத்தைத் தாக்காதீர்கள். அது நியாயமும் இல்லை, வரலாறும் அப்படி இல்லை. உலகப் பெருவெள்ளம் படிவுகளை விளக்கவில்லை என்று 1831-ல் லண்டன் புவியியல் சங்கத் தலைவராக நின்று தன் பழைய கருத்தைத் திரும்பப் பெற்ற ஆடம் செட்ஜ்விக் ஒரு ஆங்கிலிகன் குருவானவர். டார்வின் நூல் வருவதற்கு 28 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. அண்டார்டிகாவில் அப்போதுதான் இறந்த சீல் ஒன்றுக்கு கார்பன் முறை 1,300 ஆண்டு காட்டியது. மாதிரி: கடல் உயிரி. முறை: கார்பன்-14. வரம்பு: 50,000-க்குள், சரி. அப்படியென்றால் என்ன தவறு? சீல் உண்ட மீனின் கார்பன் காற்றிலிருந்து நேரே வந்ததல்ல. பல நூற்றாண்டுகள் ஆழத்தில் கிடந்து அங்கே மேலெழும் கடல்நீரிலிருந்து வந்தது. அதனால் தென்கடல் உயிரிகளின் வயதிலிருந்து அந்தக் கடலுக்குரிய திருத்தத்தைக் கழித்துவிட்டே எழுதுவார்கள். சுண்ணாம்புக்கல் ஊற்றில் வாழும் நத்தை ஓட்டுக்கு 27,000 ஆண்டு வந்ததும் இதே வகைதான்: கல்லில் இருந்த கார்பன்-14 இல்லாத பழைய கார்பனை நத்தை தன் ஓட்டில் சேர்த்துக்கொண்டது.