பேங்க் லோன் கொடுத்துவிட்டால் பத்திரம் சரி என்று அர்த்தமா? வீடு வாங்குவோர் செய்யும் சட்டத் தவறுகள்

வீடு பிடித்து, விலை பேசி, லோனுக்கும் எழுதிக் கொடுத்தவரிடம் "பத்திரம் எல்லாம் பார்த்தாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பேங்க்லயே லீகல் பார்த்துட்டாங்க, கிளியர்னு சொல்லிட்டாங்க." தமிழ்நாட்டில் வீட்டுக் கடனில் வீடு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பாதி இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.

பேங்கின் பேனல் வக்கீலுக்கு ஃபீஸ் கட்டுவது நீங்கள். ஆனால் அவர் எழுதும் லீகல் ஒப்பீனியன் பேங்குக்கு. நீங்கள் தவணை கட்டாமல் போனால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதே அவர் பார்க்கும் கேள்வி. பேங்குக்குச் சொத்து மட்டும் பிடிமானம் இல்லை. உங்கள் சம்பளம், கூட்டு விண்ணப்பதாரர், ஜாமீன்தாரர் எல்லாம் இருக்கிறார்கள். நாளைக்கு நீதிமன்றம் அந்தக் கிரயம் செல்லாது என்று சொன்னாலும் நீங்கள் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். இல்லாத வீட்டுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியவர் நீங்கள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே பதிஞ்சு கொடுத்துட்டாங்களே" என்பதும் இதே கதைதான். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908 பதிவுச் சட்டப்படி சார் பதிவாளரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே புரோக்கரோ பில்டரோ காட்டும் வக்கீல் வேண்டாம். நீங்களே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பல லட்சம் போடும் இடத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

ஈசி சுத்தமாக இருக்கிறது, ஆனால்...

ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். எடுத்தவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வரி வரியாகப் படிக்க வேண்டிய காகிதம் அது.

ஒரு ஈசி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1996இல் ஒரு கிரயம். 2009இல் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு, எழுதி வாங்கியவர் பெயரில் ஒரு வங்கி. அதற்குப் பிறகு எதுவுமில்லை. விற்பவர் "அந்த லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு சார்" என்பார். முடிந்தே இருக்கலாம். ஆனால் முடிந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால் காகிதப்படி அந்த அடமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, அந்த வங்கியிடம் கடன் முடிந்த கடிதம் வாங்கச் சொல்லி, ரசீது ஆவணத்தையும் பதிந்த பிறகே மேலே போக வேண்டும்.

ஈசியில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில் வராது. நிலுவையில் உள்ள வழக்கு பல நேரம் வராது. பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கி, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் வராது. இந்தக் கடைசி ஓட்டையை அடைக்கத்தான் வங்கிகள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தேடலாம். தேடுபவர்கள் மிகக் குறைவு.

கையெழுத்துப் போடாத பெண்கள்

பழைய வீடு, அப்பா இறந்துவிட்டார், இரண்டு மகன்கள் விற்கிறார்கள். அக்காவைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்று பதில் வரும். சட்டத்தில் இதற்கு மதிப்பே இல்லை. அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு.

அக்காவைக்கூட இப்போது கேட்கிறார்கள். பாட்டியை யாரும் கேட்பதில்லை. மகன் இறக்கும்போது அவருடைய தாய் உயிரோடு இருந்தால், அந்தத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் ஒரு பங்கு போகும். பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, அத்தைமாருக்கும் பிரியும். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களோடு இறப்புத் தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இது பிடிபடாது. பங்குள்ளவர்கள் எல்லோரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய "ஆட்சேபணை இல்லை" போதாது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பதை வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

விற்பவருக்குப் பதில் பவர் ஏஜென்ட் வந்தால் இன்னொரு சோதனை: பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த அன்றே சாதாரணப் பவரும் செத்துவிடும். பவர் பத்திரத்தையே கிரயம்போலக் காட்டி விற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் அவசரம்

"நாளைக்கே இன்னொரு பார்ட்டி வர்றாங்க, அட்வான்ஸ் போடுங்க, ஜெராக்ஸ் தர்றேன்" என்பார்கள். ஜெராக்ஸ் முதலில், அட்வான்ஸ் பிறகு. இந்த வரிசையை எந்த அவசரத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

கிரய ஒப்பந்தத்தில் பலர் விட்டுவிடும் ஒரு வரி: லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும்? பத்திரத்தில் குறை என்று பேங்க் மறுத்தால் முழுப் பணமும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் சம்பளமோ சிபில் ஸ்கோரோ போதவில்லை என்று மறுத்தால் என்ன என்பதையும் தனியாகப் பேசி எழுதுங்கள். இரண்டும் வேறு. ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதுதான் சட்டம். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, கைமாறிய ரொக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு.

கணக்கும் இங்கேதான் தப்பும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. பொதுவாக முத்திரைத்தாள், பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம் லோன். மீதி 12 லட்சம், அதோடு 7 சதவீத முத்திரைக் கட்டணமும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமுமாக 5 லட்சத்து 40 ஆயிரம், உங்கள் கையிலிருந்து போக வேண்டும். இதைப் போடாமல் அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் கடைசி வாரத்தில் பர்சனல் லோனுக்கு அலைகிறார்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர். பேங்க் முழுத் தொகைக்கும் செக் எடுத்துவிட, இதை மறந்தவர்களுக்கு நோட்டீஸ் வருகிறது. கணவன் மனைவி பெயரில் பாதிப் பாதியாக வாங்கினாலும் மொத்த விலைதான் கணக்கு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் செல்லாது. விகிதம் பல மடங்கு கூடும். பவர் வைத்திருக்கும் தம்பி கையெழுத்துப் போட வருவதால் இது கண்ணில் படாமல் போகிறது. ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

யார் பெயரில்?

லோனில் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டதால் யாரும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். மனைவியின் சம்பளத்தையும் காட்டி லோன் வாங்கி, பத்திரத்தை கணவர் பெயரில் மட்டும் போட்டால், கடனில் முழுப் பொறுப்பு மனைவிக்கும் உண்டு, வீட்டில் அவருக்குப் பங்கு இல்லை. வட்டிக்கான வருமான வரிச் சலுகையும் உரிமையாளருக்குத்தான். கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் பத்திரம் எழுதும் முன் கேட்டாக வேண்டும். நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுபவர்களும் கவனிக்கட்டும்: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம்.

புது ஃப்ளாட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும், கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. பில்டர் தாமதித்தால் ரெராவில் நஷ்ட ஈடு கேட்கலாம். அதற்காக பேங்க் தவணையை நிறுத்திவிட முடியாது.

தவணை நின்றால், கடன் முடிந்தால்

மூன்று மாதத்துக்கு மேல் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு வழிவிடும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதைப் பிரிக்காமல் வைப்பதுதான் பெரிய தவறு. அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். பேங்க் சொத்தைக் கைப்பற்ற வந்த பிறகு சிவில் கோர்ட்டுக்கு ஓடிப் பயனில்லை. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போக வேண்டும்; சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது.

ஒழுங்காகக் கட்டி முடிப்பவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை பேங்க் திருப்பித் தர வேண்டும். பேங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. லோன் வாங்கும்போது கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். அப்புறம் பேங்க் அதிகாரியோடு சார் பதிவாளர் அலுவலகம் போய் ரசீது ஆவணத்தைப் பதிந்து, ஒரு வாரம் கழித்துப் புது ஈசி எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.