ஹடிடா குஞ்சின் ஒரு நாள் ஆற்றல் செலவு: அளப்பது எப்படி?

ஹடிடா ஆப்பிரிக்காவில் வாழும் ஓர் அரிவாள்மூக்கன் பறவை. முதலில் அனுமதி. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் எசம்வெலோ என்ற வனவிலங்குத் துறையின் அனுமதியும் பல்கலைக்கழக விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலும் இல்லாமல் குஞ்சைத் தொடக் கூடாது. கூடு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அக்கா ஒருவரின் மாமரத்தில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். டீ குடிக்காமல் ஏணி கிடைக்காது.

ஹடிடா கூடு பேருக்கு நாலு குச்சி. குஞ்சுகள் கீழே விழுந்து சாவது சகஜம். ஏணியைக் கிளையில் சாய்க்காமல் அடிமரத்தில் சாயுங்கள்.

குஞ்சைத் துணிப்பையில் எடை போட்டு, டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18ம் (கனமான ஆக்சிஜன்) கலந்த தண்ணீரை மார்புத் தசையில் ஊசி போடுங்கள். ஊசி போடும் முன்னும் பின்னும் சிரிஞ்சை எடை போட்டால்தான் உள்ளே போன அளவு சரியாகத் தெரியும். அதிலுள்ள கோடுகளை நான் நம்புவதில்லை. ஒரு மணி நேரம் போல நிழலில் வைத்திருந்து, இறக்கைச் சிரையில் சில துளி ரத்தத்தை நுண்குழாயில் எடுத்து, இரு முனையையும் தீயில் உருக்கி மூடுங்கள். ஆவியானால் கணக்கு போச்சு. ஊசி போடாத கூடப்பிறந்த குஞ்சின் ரத்தமும் கொஞ்சம் வேண்டும். இயல்பு அளவு அதில் தெரியும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி எடை, ரத்தம்.

டியூட்டீரியம் தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன்-18 கரியமில வாயுவாகவும் போகும். அந்த வித்தியாசம்தான் குஞ்சு விட்ட கரியமில வாயு. லிஃப்சன் குழு 1955ல் சுண்டெலியில் காட்டிய வழி இது. புழு பூச்சி தின்னும் பறவைக்கு ஒரு லிட்டர் கரியமில வாயுவுக்குச் சுமார் 27 கிலோஜூல் ஆற்றல் என்று போடலாம்.

வளரும் குஞ்சுக்கு 24 மணி நேரத்தில் உடல்நீரே கூடிவிடும். தொடக்க, முடிவு அளவுகளின் சராசரியை எடுங்கள். தசையாகவும் கொழுப்பாகவும் சேர்ந்த ஆற்றல் இதில் வராது, அதைத் தனியே கூட்ட வேண்டும்.